கணக்கு இடித்த நான்காம் நாள்

உடல் பருமனுக்காக வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்ட நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு நர்ஸ் வந்து சர்க்கரை பார்க்க விரலில் குத்தினார். மீட்டரைப் பார்த்துவிட்டு, "நூத்தி இருபத்தாறு சார். இன்னிக்கும் இன்சுலின் வேண்டாம்" என்றார். நம்பிக்கை வராமல் இன்னொரு விரலை நீட்டினேன். சிரித்துக்கொண்டே அதிலும் குத்தினார். 129. அப்புறம் எடை மெஷினில் ஏற்றி நிறுத்தினார்கள். ஆபரேஷனுக்குப் போன அன்று 113 கிலோ இருந்தேன். இன்று 113.6.

எடை துளியும் குறையவில்லை. டிரிப்ஸ் ஏறியதில் அரைக் கிலோ கூடத்தான் செய்திருந்தது. அப்படியானால் சர்க்கரை மட்டும் எங்கே போனது?

எனக்குத் தொழில் கணக்கு எழுதுவது. காரைக்குடியில் பத்துப் பன்னிரண்டு கடைகளுக்கு ஜி.எஸ்.டி., வருமான வரி பார்த்துக் கொடுக்கிறேன். என் தாத்தா பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பர்மாக் கடையிலிருந்து வரும் ஐந்தொகைக் கணக்கை முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து சரிபார்ப்பது அவர் வேலை. காலணா இடித்தாலும் அது அகப்படும்வரை ராத்திரி சாப்பிட மாட்டாராம். உடம்பையும் நான் அந்தக் கண்ணால்தான் பார்த்து வந்தேன். தின்றது வரவு, நடந்தது செலவு, மிச்சம் தொந்தி. சர்க்கரை, பிரஷர், முட்டிவலி எல்லாம் அந்த மிச்சத்துக்கு ஏறுகிற வட்டி. அசலை அடைத்தால் வட்டி நிற்கும், அவ்வளவுதானே.

அசல் அப்படியே கிடக்க, வட்டி மட்டும் நின்றுபோனதை அன்றைக்குத்தான் பார்த்தேன். மூன்று வருஷம் ஆகிறது. இந்தக் கணக்கு ஏன் இடித்தது என்று கிடைத்ததையெல்லாம் படித்து, டாக்டரையும் தொல்லை பண்ணி, எனக்குப் புரிந்தவரை எழுதி வைக்கிறேன்.

எப்படி இவ்வளவு குண்டானாய் என்று யாராவது கேட்டால் ஊரைக் கைகாட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பேன். செட்டிநாட்டுச் சாப்பாடு என்றால் வெளியூர்க்காரர்களுக்கு மிளகு தூக்கலான கோழி நினைவுக்கு வரும். இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும், ஆளைச் சாய்ப்பது பலகாரம். வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், சீயம், உக்காரை, கும்மாயம், பால் பணியாரம், கவுனி அரிசி. இரண்டு சாப்பாட்டுக்கு நடுவில் வருவதற்கு இடைப்பலகாரம் என்று பெயரே வைத்திருக்கிறோம். நான் கணக்குப் பார்க்கப் போகிற கடைகளில் ஒரு தட்டுத் தேன்குழலை முன்னால் வைக்காமல் பேச்சைத் தொடங்க மாட்டார்கள். வேலையோ உட்கார்ந்த இடத்தில்.

ஆனால் அதே அம்மா கையால், அதே பலகாரம் தின்று வளர்ந்த என் தம்பி 66 கிலோ. வேட்டி இடுப்பில் நிற்காத உடம்பு. அவனுக்கும் நாற்பத்திரண்டு வயதில் சர்க்கரை வந்தது! என் வரவு செலவுத் தத்துவம் அங்கேயே அடிபட்டிருக்க வேண்டும், நான்தான் கவனிக்கவில்லை. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் 2004ல் தங்கள் இருவர் உடம்பையே ஒப்பிட்டு ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கும் எடைக்குமான விகிதம், அதாவது பி.எம்.ஐ., ஒன்றேதான்: 22.3. கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம் ஆட்கள் ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு சேர்த்து வைத்திருப்போம், அதுவும் வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றி. என் தம்பி அந்த வகை. நான் ஒளிக்கத் தெரியாத வகை.

2016ல் அரிசி, சீனியை விலக்கும் பேலியோ டயட் இருந்து 14 கிலோ குறைத்தேன். ஃபேஸ்புக்கில் படமெல்லாம் போட்டேன். ஒன்றரை வருஷத்தில் 17 கிலோ திரும்பி வந்தது. வட்டிக்குப் பேர்போன ஊரில் பிறந்ததாலோ என்னவோ, உடம்பும் வட்டி போட்டே வசூல் பண்ணியது. எனக்கு மனஉறுதி இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அதை நம்பினேன். உள்ளே நடந்தது வேறு. லெப்டின் என்ற ஹார்மோனை 1994ல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். கொழுப்புத் திசுவிலேயே ஊறி, இருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அது. பட்டினி கிடந்து இளைத்தால் லெப்டின் சரியும், பசியைத் தூண்டும் கிரெலின் ஏறும், உட்கார்ந்திருக்கும்போது உடம்பு எரிக்கிற கலோரியும் குறையும். பஞ்சம் வந்துவிட்டது என்று மூளை சிக்கனத்தில் இறங்கிவிடுகிறது. அமெரிக்காவில் ஒரு டி.வி. போட்டியில் உடல் இளைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்து கெவின் ஹால் என்பவர் அளந்து பார்த்தார். 2016ல் வந்த ஆய்வு. பெரும்பாலோருக்கு எடை திரும்பியிருந்தது. அதற்குப் பிறகும் அவர்கள் உடம்பு, அந்த எடைக்கு எரிக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. ஒரு வேளைச் சாப்பாடு அது. வரவைக் குறைத்தால் செலவு தானாகக் குறைகிற பேரேட்டை என் தாத்தா கண்டிருக்க மாட்டார்.

நாற்பத்தொன்பது வயதில் 118 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர், பி.எம்.ஐ. 41.8. பதினோரு வருஷச் சர்க்கரை, காலையிலும் ராத்திரியிலும் இன்சுலின், அப்படியும் எச்.பி.ஏ1சி என்கிற மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.4 சதவீதம். நான் விடும் குறட்டைக்குப் பயந்து மனைவி ஹாலில் படுத்தார். குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறது என்று கண்டுபிடித்ததும் அவர்தான். மதுரையில் ஒரு மருத்துவமனையில் பேரியாட்ரிக் ஆபரேஷன், அதாவது பருமனைக் குறைக்கச் செய்யும் ஆபரேஷன், பற்றிக் கேட்டுவிட்டு வந்தோம்.

அம்மாவிடம் சொன்னபோது அடுப்படியை விட்டு வெளியே வராமலே கேட்டார். "வாயைக் கட்டத் தெரியாம வயித்தை வெட்டிக்கிறதா?"

என்னிடம் பதில் இல்லை. நானும் ஏறக்குறைய அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

யாருக்கு இந்த ஆபரேஷன் என்பதற்கு 1991ல் அமெரிக்காவில் போட்ட கோடு வெகுகாலம் நின்றது. பி.எம்.ஐ. 40, அல்லது கூட நோய் இருந்தால் 35. நான் ஆபரேஷன் செய்துகொண்ட 2022ல்தான் சர்வதேச அமைப்புகள் அதை மாற்றின. 35 இருந்தாலே பரிந்துரைக்கலாம், ஆசியக்காரர்களுக்கு 27.5லிருந்தே யோசிக்கலாம் என்று. யாஜ்னிக்கின் 21.2 நினைவிருந்தால் காரணம் புரியும். காப்பீட்டுக் கதையை நீட்ட விரும்பவில்லை. அழகுக்குச் செய்யும் சிகிச்சை என்று முதல் கடிதம் வந்தது. டாக்டரின் பரிந்துரை, 18 வயது, பி.எம்.ஐ. 40 அல்லது குறிப்பிட்ட நோய்களோடு 35 ஆகிய நிபந்தனைகள் பொருந்தினால் பருமனைக் காரணம் காட்டி விலக்க முடியாது என்று 2020லிருந்து நடப்பில் இருந்த காப்பீட்டு விதியை எடுத்து நகல் போட்டு அனுப்பினேன். ஏழு மாதம் கழித்துப் பாதிப் பணம் வந்தது. கணக்குப்பிள்ளை பேரனாக இருந்ததில் கண்ட ஒரே லாபம்.

பெரும்பாலும் இரண்டு வகை ஆபரேஷன். ஸ்லீவ் என்பது இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விடுவது. கிரெலின் முக்கியமாக ஊறும் மேல்பகுதி அதோடு போய்விடும். பைபாஸ் என்பது இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மில்லி பிடிக்கும் சின்னப் பையைத் தனியாகப் பிரித்து, சிறுகுடலைக் கொஞ்சம் கீழே வெட்டித் தூக்கி அந்தப் பையோடு இணைப்பது. எதையும் வெளியே எடுப்பதில்லை. பழைய இரைப்பையும் குடலின் முதல் பகுதியும் உள்ளேயேதான் இருக்கும், சாப்பாடு மட்டும் அந்த வழியாகப் போகாது. நெஞ்செரிச்சலும் நாள்பட்ட சர்க்கரையும் இருந்ததால் எனக்கு பைபாஸ். எல்லாம் சின்னத் துளைகள் வழியாகத்தான். அதற்கு முன் இரண்டு வாரம் கலோரி குறைந்த டயட் கொடுத்தார்கள். கொழுப்பேறி வீங்கிய ஈரலைச் சுருக்கினால்தான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியில் வேலை பார்க்க முடியுமாம். 118 அந்த இரண்டு வாரத்தில்தான் 113 ஆனது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நாளைக்கு என்ன குடித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கால் மணிக்கு ஒரு தடவை 30 மில்லி. வடிகட்டிய ரசம், நீர்மோர், இளநீர், புரோட்டீன் கரைசல். டம்ளரில் ஊற்றினால் பழக்கத்தில் ஒரே மடக்காகக் குடித்துவிடுவேன் என்று, பரணில் இருந்து பையனின் பாலாடையைத் தேடி எடுத்து வந்தார் மனைவி. 113 கிலோ ஆள் ஈஸி சேரில் சாய்ந்து பாலாடையில் ரசம் குடிக்கிற காட்சியைப் பார்த்த அம்மா, கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கவே இல்லை.

ஆச்சரியம் என்னவென்றால், பசிக்கவில்லை. பக்கத்து வீட்டில் பணியாரம் சுடும் எண்ணெய் வாசனை வந்தது. வாசனையாகவே வந்து, வாசனையாகவே போய்விட்டது. முப்பது வருஷமாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ அணைத்த மாதிரி இருந்தது.

சரி, நான்காம் நாளுக்கு வருகிறேன்.

1966ல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை மருத்துவர்தான் பருமனுக்காக இரைப்பை பைபாஸை முதலில் செய்தார். அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுத்தவர்கள் பிறகு எடை போடுவதே இல்லை என்று கவனித்து வந்த யோசனை. அதாவது, எடையைக் குறைக்க மட்டுமே வந்த ஆபரேஷன். சர்க்கரையைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. வட கரோலினாவில் வால்டர் போரீஸ் என்ற மருத்துவர் 14 வருஷத்தில் 608 பேருக்கு பைபாஸ் செய்து, 1995ல் கணக்கு ஒப்படைத்தார். சர்க்கரை நோயோடு வந்தவர்களில் நூற்றுக்கு 83 பேருக்கு ரத்தச் சர்க்கரை இயல்புக்குத் திரும்பியிருந்தது. அதுவும் எடை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே. கட்டுரையின் தலைப்பிலேயே தன் வியப்பை அவர் மறைக்கவில்லை.

காரணத்தை என் டாக்டர் எங்கள் ஊர் ரோட்டை வைத்தே சொன்னார். திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் போகிற வண்டி ஊருக்குள் வராமல் பைபாஸில் போனால் என்ன ஆகும்? பஸ் ஸ்டாண்ட் கடைகளுக்கு வியாபாரம் படுத்துவிடும். அந்தக் கோடியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடைக்குத் திடீரென்று கூட்டம் அலைமோதும். சிறுகுடலின் கீழ்ப்பகுதி அந்தக் கோடிக் கடை. பாதி செரித்த சாப்பாடு இவ்வளவு சீக்கிரம் அங்கே வந்து அதற்குப் பழக்கமில்லை. அங்கிருக்கும் எல் செல்கள் ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய். என்ற ஹார்மோன்களை அள்ளி விடுகின்றன. முதலாவது கணையத்தைத் தட்டி இன்சுலின் சுரக்க வைக்கும். இரண்டும் சேர்ந்து, போதும் என்று மூளைக்குச் சொல்லும். என் ரேடியோவை அணைத்தவர்கள் இவர்கள்தான் போலிருக்கிறது. பித்த நீரின் போக்கும் குடல் பாக்டீரியாக்களின் கூட்டும்கூட மாறுகின்றனவாம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் வாரம் நான் தின்றது ஒரு நாளைக்கு 500 கலோரிகூட இராது. அந்தப் பட்டினியிலேயே ஈரலில் கிடக்கும் கொழுப்பு மளமளவென்று கரையும், ஈரல் இன்சுலினுக்குக் கட்டுப்பட ஆரம்பிக்கும். நான்காம் நாள் 126ல் பட்டினிக்கு எவ்வளவு பங்கு, ஹார்மோனுக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆராய்ச்சியாளர்களே இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் பட்டினியில் மட்டும் இறங்கினால் நாய்ப் பசி எடுக்கும், எனக்குத் தெரியும். 2016ல் எடுத்தது. இந்த முறை அது இல்லை.

ஆக, அசல் குறையாமலே வட்டி நிற்கும் என்று முடிவு கட்டினேன். ஒரு மாதம் எல்லோரிடமும் அதைப் பிரசங்கமே செய்தேன். அப்புறம் இன்னொரு ரிப்போர்ட் வந்து என் வாயை அடைத்தது.

சி.ஆர்.பி. என்று ஒரு பரிசோதனை. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் ஈரல் இந்தப் புரதத்தை ரத்தத்தில் கூட்டும். நுட்பமான முறையில் அளக்கும்போது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இதயத்துக்கு நல்லது, 3க்கு மேல் போனால் கவலை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆபரேஷனுக்கு முன் எனக்கு 11.2. காய்ச்சல் இல்லை, புண் இல்லை, சளிகூட இல்லை. ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அது 96 ஆனது. வயிற்றை அறுத்தால் ஏறத்தானே செய்யும். ஆனால் ஆறு வாரம் கழித்து, சர்க்கரை இன்சுலின் இல்லாமல் ஒழுங்காக இருந்தபோதும், சி.ஆர்.பி. 9க்கு மேலேயே நின்றது. சர்க்கரை மளமளவென்று இறங்கிவிட்டது, இது நகரவே இல்லை.

அழற்சி என்றால் சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ரோமில் இந்த நான்கையும் எழுதி வைத்துவிட்டார்கள். கொழுப்பில் நடப்பது அந்த ரகமல்ல. நீறு பூத்த நெருப்பு. மேலே சாம்பல்தான் தெரியும்.

கொழுப்பு செல் ஒன்று எண்ணெயை அடைத்து அடைத்து ஊதிக்கொண்டே போகிறது. ஒரு அளவுக்கு மேல் ரத்தக் குழாய் எட்டாமல் அதற்குப் பிராணவாயு போதாது. சில செல்கள் செத்து உடைகின்றன. சிந்திய எண்ணெயைத் துப்புரவு செய்ய மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் வருகின்றன. செத்த செல்லைச் சுற்றிக் கிரீடம் வைத்த மாதிரி வட்டம் கட்டி உட்கார்ந்துகொள்கின்றன. வந்தவை திரும்பிப் போவதில்லை. 2003ல் எண்ணிப் பார்த்தார்கள். மெலிந்த உடம்பின் கொழுப்புத் திசுவில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருக்கும் இந்த அணுக்கள், பெரும் பருமனில் நாற்பது சதவீதம் வரை இருந்தன. டி.என்.எஃப். ஆல்ஃபா, ஐ.எல்-6 என்ற ரசாயனங்களைத் தொந்தியிலிருந்து ஊர் முழுக்க அனுப்புகின்றன. ஐ.எல்-6 ஈரலுக்குப் போனால் சி.ஆர்.பி. ஏறும். டி.என்.எஃப். ஆல்ஃபாவோ, இன்சுலின் வந்து கதவைத் தட்டும்போது உள்ளே தாழ்ப்பாளைத் திறக்க விடாமல் தடுக்கும். கொழுப்புத் திசுவிலிருந்தே இந்த வேலை நடக்கிறது என்று ஹோதாமிஷ்லிகிலும் கூட்டாளிகளும் 1993ல் எலிகளில் காட்டினார்கள்.

இந்தப் பகுதியைப் படித்தபோது என் கையைத்தான் பார்த்தேன். பத்து வருஷமாகக் காலையில் எழுந்தால் விரல் கணுக்கள் மடங்காது. வெந்நீரில் வைத்தால்தான் பேனா பிடிக்க வரும். முட்டிவலிக்கு 118 கிலோவைக் குற்றம் சொல்லலாம். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ பாரம் குறையும் என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள். விரலில் யார் ஏறி நடக்கிறார்கள்? ஆனாலும் பருமனானவர்களுக்குக் கைவிரல் மூட்டுத் தேய்மானம் கூடுதலாக வருகிறது. பாரத்தை மட்டும் சொல்லி இதை விளக்க முடியாது. விரல் வலிக்குக் காரணம் கீபோர்டு என்று நினைத்து மூன்று கீபோர்டு மாற்றியவன் நான்.

ஐந்தாம் மாதம், 94 கிலோவுக்கு வந்தபோது, ஒரு நாள் காலையில் வெந்நீர் வைக்க மறந்ததே மத்தியானம்தான் நினைவுக்கு வந்தது. சி.ஆர்.பி. 4.1. ஒரு வருஷம் முடிந்தபோது 1.8. கொழுப்பு செல்கள் சுருங்கச் சுருங்கத்தான் அந்த நெருப்பு தணியும், அதற்குக் குறுக்குவழி இல்லை. அப்படிப் பார்த்தால் தாத்தா கணக்கில் பாதி சரி. சர்க்கரைக்கும் அழற்சிக்கும் தனித்தனிப் பேரேடு போட்டிருக்க வேண்டும், நான் இரண்டையும் ஒன்றாக எழுதிவிட்டேன்.

ஆறாம் மாதம் கானாடுகாத்தான் பக்கம் ஒரு கல்யாணம். தாத்தா வேலை பார்த்த குடும்பத்தின் வகையறா. இன்னும் எங்களுக்குப் பத்திரிகை வரும். இலையில் கவுனி அரிசி வைத்தார்கள். கறுப்பாக, நெய் மினுங்க, தேங்காய்ப்பூ தூவி. ராத்திரி ஊற வைத்துக் குழைய வேகவைத்த அரிசி. கவுனி சர்க்கரைக்கு நல்லது என்று இப்போது ஒரு பேச்சு இருக்கிறது. அரிசி நல்லதுதான், அதில் நாம் கொட்டுகிற சீனியை யார் கணக்கு வைப்பது? எல்லாம் தெரிந்தும் நான்கு வாய் தின்றேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். நெஞ்சு படபடவென்று அடித்தது. சட்டை நனைந்துவிட்டது. வயிற்றை முறுக்கியது. கூட்டத்தை விட்டு விலகிப் பட்டாலையில் ஒரு தூணோரமாகச் சாய்ந்து, அப்படியே ஆத்தங்குடிக் கல்லில் படுத்துவிட்டேன். அந்தக் குளிர்ச்சி மட்டும் இல்லாவிட்டால் வாந்தி எடுத்திருப்பேன். வீட்டு ஆச்சி விசிறியோடு வந்து உட்கார்ந்தார். எண்பதைத் தாண்டியவர்.

"என்ன தம்பி, ஒத்துக்கலையா?"

"இனிப்பு சேரலை ஆச்சி. ஆபரேஷன் பண்ணினதுல இருந்து இப்படி."

"அப்ப எதுக்குப்பா தின்னே?"

டம்பிங் என்கிறார்கள் இதை. பழைய இரைப்பையில் கீழே ஒரு வாய்க்கட்டு உண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழ்த்துவிடும். எனக்கு அது இப்போது வழியிலேயே இல்லை. சீனி மொத்தமாகக் குடலில் விழுந்து, ரத்தத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஹார்மோன்களும் ஒரேயடியாகப் பொங்குகின்றன. இரண்டு மணி நேரம் கழித்து இரண்டாம் ஆட்டம். அளவுக்கு மீறிச் சுரந்த இன்சுலின் சர்க்கரையைக் கீழே தள்ளி, கை நடுங்கியது. பதினோரு வருஷம் சர்க்கரை ஏறுதே என்று அழுதவன், அன்று இறங்குதே என்று பையில் மாத்திரை தேடினேன்.

மெலிந்தது ஊருக்குப் பிடிக்கவில்லை. நம் பக்கம் ஆள் இளைத்தால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். "சுகர் ஜாஸ்தியாயிருச்சா?" என்று தினமும் நான்கு பேர் கேட்டார்கள். சர்க்கரை குறைந்ததால்தான் இப்படி என்றால் யாருக்கு நம்பத் தோன்றும்? நான்காம் மாதம் முடி கொத்தாகக் கொட்டியது, பிறகு வளர்ந்தது. வயிற்றுத் தோல் தொங்கியது, அது இன்னும் தொங்குகிறது. வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் வரும் என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்திருந்தார்கள், வரவில்லை. பைபாஸ் செய்தவர்களுக்கு மது சீக்கிரம் ஏறும், அளவும் தெரியாது என்று எச்சரித்திருந்தார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, இருப்பவர்கள் இதைச் சும்மா கடந்துபோக வேண்டாம்.

நான் செய்த முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பி12 சேர இரைப்பையில் ஊறும் ஒரு புரதத்தின் துணை வேண்டும். என் சாப்பாடுதான் அந்த இரைப்பையைப் பார்ப்பதே இல்லையே. இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வரலாம் என்று வாழ்நாள் முழுக்க மாத்திரை, கூடவே பி12 ஊசி எழுதியிருந்தார்கள். இரண்டாம் வருஷம், மார்ச் கணக்கு முடிக்கிற அவசரத்தில் ஒரு ஊசியை விட்டேன். அடுத்தது மறந்தது. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று எட்டு மாதம் ஓட்டினேன். பாதம் மரத்துப் பஞ்சில் நடக்கிற மாதிரி ஆனது. நாக்கு எரிந்தது. பழைய சர்க்கரையின் வேலை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பரிசோதித்தால் பி12 வெறும் 140. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையும் பி12ஐக் குறைக்கும், அதையும் தின்றுகொண்டிருந்தேன். ஊசி போட்டு ஐந்து மாதத்தில் கால் திரும்பியது, இடது பெருவிரல் நுனியைத் தவிர. அது இன்றும் மரத்துத்தான் கிடக்கிறது.

இப்போது எடையைக் குறைக்கவே ஊசி வந்துவிட்டதே, எதற்கு வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். 2025ல் மவுன்ஜாரோவும் வீகோவியும் இந்தியாவுக்கு வந்தபின் இந்தக் கேள்வி கூடிவிட்டது. நியாயமான கேள்வி. அந்தக் கோடிக் கடைச் சரக்கான ஜி.எல்.பி-1ன் வேலையைத்தான் அந்த ஊசிகளும் செய்கின்றன, உள்ளே செய்வதை வெளியிலிருந்து போடுகிறோம். சிலருக்கு அதுவே போதும். நிறுத்தினால் ஒரு வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது என்று வீகோவி மருந்தை வைத்து நடந்த ஆய்விலேயே தெரிந்தது. 2022ல் என் முன்னால் அது இல்லை. இருந்திருந்தால் முதலில் அதைத்தான் முயன்றிருப்பேன் என்று தோன்றுகிறது.

ஆபரேஷனும் ஒரேயடியாகத் தீர்த்துவைக்கிற சமாச்சாரம் இல்லை. ஸ்வீடனில் 1987ல் ஆள் சேர்க்கத் தொடங்கி நாலாயிரம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. பாதிப் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், பாதிப் பேர் செய்துகொள்ளாதவர்கள். செய்துகொண்டவர்களிடம் மரணம் குறைவாக இருந்தது என்று 2007ல் சொன்னார்கள். அதே ஆய்வில், சர்க்கரை நோயோடு வந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் அது விலகியவர்கள் இரண்டாம் வருஷம் 72 சதவீதம், பதினைந்தாம் வருஷம் 30 சதவீதம். நாள்பட்ட சர்க்கரைக்காரர்களுக்கும் இன்சுலின் போட்டவர்களுக்கும் வாய்ப்பு இன்னும் குறைவு. எனக்குக் குறைந்தபட்ச எடை 79 வரை போனது. இன்று 84. மூன்று மாதச் சராசரி 6.3, ஆனால் ஒரு மெட்ஃபார்மின் தொடர்கிறது. மருந்தே இல்லாமல் மூன்று மாதமாவது 6.5க்குக் கீழே இருந்தால்தான் சர்க்கரை விலகிவிட்டது என்று சொல்லலாம் என்பது 2021ல் வகுத்த இலக்கணம். அதன்படி நான் இன்னும் சர்க்கரைக்காரன்தான். சி.ஆர்.பி. இந்த முறை 2.2. கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஐந்து கிலோ ஏறியிருக்கிறதே.

தம்பியின் ஒல்லி உடம்புக்கு இந்த ஆபரேஷன் பொருந்தாது. அவன் பையனையும் என் பையனையும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு செக்காலை வரை நடக்கக் கூட்டிப் போகிறோம். பையன்கள் போனைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள்.

போன வாரம் அந்த ஆச்சி வீட்டிலிருந்து ஆள் வந்தது. எவர்சில்வர் தூக்கில் வெள்ளைப் பணியாரம், மேல்தட்டில் மிளகாய்த் துவையல். "சீனி போடாதது, தம்பி தின்னலாம்னு ஆச்சி சொல்லச் சொன்னாக." பச்சரிசியும் உளுந்தும் எண்ணெயும் சேர்ந்தது என்று ஆச்சிக்குத் தெரியாதா என்ன. ஒன்றை எடுத்துச் சின்னத் தட்டில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, துவையலைத் தொட்டுத் தொட்டு இருபது நிமிஷம் தின்றேன். மிச்சத்தை அம்மா தம்பி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார், அவனுக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்காதே என்று சொல்லி.